கூடல்வாய் ஒழுகுது, கார் நிறுத்த இடம் எங்கே என்கிறார்கள்

கட்டட அனுமதி அலுவலகத்திலிருந்து மறுபடியும் கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஊட்டியில் ஒரு பழைய ஓட்டு பங்களா. கூரையில் ஆறடி நீளத்துக்கு மரம் மாற்ற வேண்டும், விண்ணப்பம் அவ்வளவுதான். திருப்பி அனுப்பிய தாளில் மூன்று கேள்வி. கார் நிறுத்த எத்தனை இடம்? முன்னால் உள்ள சாலையின் அகலம் என்ன? கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்ட யார் அனுமதி கொடுத்தார்கள்?

யார் கொடுத்தார்களா? வெள்ளைக்காரன் காலத்து வீடு ஐயா அது! இந்த மலையில் கட்டடத்துக்கு 7 மீட்டர்தான் உயர வரம்பு என்று கணக்கு வந்ததே அந்த வீடு எழும்பிப் பல தலைமுறை கழித்து. கட்டியவரையும் அனுமதித்தவரையும் இப்போது எந்தக் கல்லறையில் போய்த் தேடுவது?

கேள்வி எழுதியவர் ஒருமுறை ஏணி ஏறிப் பார்த்திருந்தால் போதும். இரண்டு கூரைச் சரிவுகள் வந்து சேருகிற பள்ளம்தான் கூடல்வாய். இரு பக்கத்துத் தண்ணீரும் அந்த ஒரு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். ஓட்டுக்கு அடியில் ஒரு தகரத் தகடு ஓடும். கற்பூர மரத்து இலையும் சைப்ரஸ் சருகும் விழுந்து அடைத்தால் தண்ணீர் தேங்கி, தகட்டின் ஓரம் தாண்டி உள்ளே இறங்கும். இறங்கி எங்கே போகும்? கைமரங்களின், அதாவது ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரங்களின், கால் வந்து உட்கார்ந்திருக்கிற சுவர்த்தலை மரத்துக்குத்தான். பாதி சுவருக்குள் புதைந்து கிடக்கிற மரம், நனைந்தால் லேசில் காயாது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், பிடி வரைக்கும் போகும்.

செய்ய வேண்டிய வேலை இதுதான். கூடல்வாயின் இரு பக்கமும் ஓடு இறக்க வேண்டும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15. பத்து சதுர மீட்டர் பிரித்தாலும் 150 ஓடுதான். கூரைப் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, நல்ல மரம் தெரிகிற வரைக்கும் கெட்டதை அறுத்து எடுத்து, அதே கனத்தில் நன்கு காய்ந்த மரத்தைச் சேர்க்க வேண்டும். கைமரத்தின் கால் மட்டும் இற்றுப்போயிருந்தால் முழுக் கைமரத்தையும் கழற்றாதீர்கள். சாய்வாகச் சீவி ஒட்டுப் போட வேண்டும். ஒட்டின் நீளம் மரத்தின் ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், இரண்டு போல்ட் போடுங்கள். பிறகு இரண்டடி அகலத்தில் புதுத் தகடு. கீழிருந்து தொடங்கி, மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் ஆறு அங்குலம் ஏறி உட்கார வேண்டும். இரு பக்க ஓடும் தகட்டின்மேல் நான்கு அங்குலம் நீண்டிருக்க வேண்டும். இடுக்கில் சிமென்ட் வைத்து அடைக்கவே கூடாது. வெயிலில் விரிந்து பனியில் சுருங்கி அது வெடிக்கும். வெடித்த கீறலில் தண்ணீர் உட்காரும். மரம் மறுபடியும் இற்றுப்போகும். ஒரு தச்சர், இரண்டு கையாள், ஒரு வாரம். வெளியிலிருந்து பார்த்தால் வீட்டின் உருவத்தில் ஒரு விரற்கடை மாற்றம் தெரியாது.

இதற்குத்தான் கார் நிறுத்தும் இடம் கேட்கிறார்கள். புது ரிசார்ட்டுக்கு வைத்திருக்கிற கேள்வித்தாளை அப்படியே தூக்கி ஒரு கூடல்வாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள்.

உயரத்துக்கு வருவோம். இந்த வீடுகளில் அறைக்குள்ளேயே 12 அடி, 14 அடி உயரம். அதற்கு மேல் செங்குத்தான கூரை, அதற்கும் மேல் கணப்படுப்பின் புகைபோக்கி. மலைச்சரிவில் நிற்பதால் வாசல் பக்கம் ஒரு உயரம், பின்பக்கம் பள்ளத்திலிருந்து பார்த்தால் இன்னொரு உயரம். பள்ளத்திலிருந்து டேப் பிடித்தால் 7 மீட்டர் தாண்டத்தான் செய்யும். அதனால் கூரைச் சரிவைக் குறையுங்கள் என்று யோசனை வேறு! மங்களூர் ஓட்டைப் படுக்கப் போட்டால் காற்றோடு அடிக்கிற மழை ஓட்டின் இடுக்கில் பின்னோக்கி ஏறும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டிய மலை இது. அந்தச் சரிவு இல்லாமல் இங்கே ஒரு ஓட்டு வீடும் நிற்காது.

அப்புறம் கட்டடம் பலமாக இருக்கிறது என்கிற உறுதிச் சான்று. கான்கிரீட்டின் பலம் பார்க்கிற சுத்தியலைக் கொண்டுவந்து மண் சாந்தில் கட்டிய சுவரில் தட்டுகிறார்கள். அது கான்கிரீட்டுக்கான கருவி. பழைய செங்கல்லிலும் மண் சாந்திலும் அது காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அந்த எண்ணை வைத்து "சுவர் பலவீனம், கான்கிரீட் தூண் கொடுத்து சிமென்ட் பூச்சு பூசுக" என்று எழுதிவிடுகிறார்கள். சுவர் மூச்சுவிடுவதே சுண்ணாம்புப் பூச்சு வழியாகத்தான். சிமென்டால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, உள்பூச்சு பொரிந்து விழும். சுவருக்குள் சொருகிய உத்தரத்தின் நுனி உளுத்துப்போகும். மரம் கெடுவது வயதால் அல்ல, ஈரத்தால். ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக் அரண்மனையிலிருந்து வந்தவை. 1830இலிருந்து தலைக்கு மேல் நிற்கின்றன, தலை நனையாமல் பார்த்துக்கொண்டதால்.

எனக்கு வயிறு எரிவது காலதாமதத்தைப் பார்த்துத்தான். இந்த மலையில் கூரை பிரிக்க, சுண்ணாம்பு பூச நமக்குக் கிடைப்பது பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே மாதம் வரைதான். ஜூனில் தென்மேற்கு மழை. அக்டோபரில் வடகிழக்கு, குன்னூரும் கோத்தகிரியும் அதில்தான் அதிகம் நனையும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி, ஈரச் சுண்ணாம்பின் மேல் விழுந்தால் பூச்சு மாவாக உதிரும். மார்ச்சில் கொடுத்த மனுவுக்கு ஜூலையில் கேள்வி வந்தால் அந்த வருஷமே போயிற்று. தார்ப்பாய் போட்டுக் காத்திருக்க வேண்டும். தார்ப்பாயைக் காற்று கிழிக்கும். மண் சாந்து கரையும். சுவர் வயிறு தள்ளும். அடுத்த வருஷம் பார்வைக்கு வருகிறவர் "இடியும் நிலையில் உள்ளது" என்று எழுதுவார். பழுது பார்க்கக் கிடைக்காத கையெழுத்து, இடிக்க மட்டும் கிடைத்துவிடும்! அந்த இடத்தில் நீலக் கண்ணாடி பதித்த ஒரு கான்கிரீட் பெட்டி எழும்பும், சரியாக 7 மீட்டருக்குள்.

விதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990இல் வந்தது, மலை வாசத்தலங்களுக்கான கட்டட விதிகள் 1993இல் வந்தன. இரண்டும் தேவை. கொடைக்கானலில் இரண்டு தளத்துக்கு மேல் கூடாத இடத்தில் ஏழு தள ஓட்டல் எழும்பி நீதிமன்றம் வரை போனதை மறந்துவிட்டோமா? 2009 நவம்பரில் நீலகிரிச் சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? மலையை வெட்டுகிறவனிடம் நூறு கேள்வி கேளுங்கள். ஒரு கூடை மண்கூடத் தோண்டாமல் ஓடு மாற்றுகிறவனிடம் ஏன்? பழுதுபார்ப்பு, உருமாற்றம் இல்லை என்று தனிப் பாதை வையுங்கள், பதினைந்து நாளில் பதில் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் மனுப் போடுகிறவர்கள் இவ்வளவாவது செய்யுங்கள். இப்போது உள்ளதற்கு ஒரு வரைபடம், செய்யப்போவதற்கு ஒன்று என்று தனித்தனியே கொடுங்கள். எடுக்கும் மரம் மஞ்சள், சேர்க்கும் மரம் சிவப்பு. குறுக்குவெட்டுப் படத்தில் சுவர்த்தலை உயரம், முகட்டு உயரம், புகைபோக்கி உயரம் மூன்றையும் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "மாற்றமில்லை" என்று எழுதுங்கள். தரைமட்டத்தை வாசலிலும் பின்பள்ளத்திலும் காட்டுங்கள். நான்கு பக்கமும், கெட்ட மரத்தின் அருகிலும், அளவுகோலை வைத்து, தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். "புனரமைப்பு" என்ற சொல்லை மட்டும் எங்குமே எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் கோப்பு புதுக் கட்டட வரிசைக்குப் போய்விடும். வனத்துறை, புவியியல், வேளாண் பொறியியல் என்று ஒவ்வொரு தடையின்மைச் சான்றாக அலைய வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, பழைய வீட்டு வரி ரசீது மூன்றையும் முதல் நாளே இணையுங்கள். வரி ரசீதுதான் வீடு விதிக்கு முந்தையது என்பதற்கு சாட்சி. ஒப்புகைச் சீட்டில் முத்திரை விழாமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

இவ்வளவும் செய்து அனுமதி வாங்கினால் ஓடு கிடைக்காது, அது வேறு தலைவலி. புது ஓட்டின் பள்ளமும் நாக்கும் பழைய ஓட்டோடு பொருந்துவதில்லை. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் வரிசை தூக்கிக்கொண்டு நிற்கும், மழை உள்ளே வரும். உடைந்த ஓட்டின் அடியில் உள்ள ஆலை முத்திரையைப் பார்த்து அதே முத்திரையைத் தேடித்தான் வாங்க வேண்டும். எங்கே கிடைக்கும்? பழைய சாமான் கடையில். அங்கே எப்படி வந்தது? இதே மாதிரி கோப்பு நகராமல் இடிந்துபோன இன்னொரு பங்களாவின் கூரையிலிருந்து.