பூங்காவனத்துக்கு இசைக் கோஷ்டி பிடிக்கிறவர்களுக்கு

கோயில் நிர்வாக சபைகளில் இருக்கிறவர்கள், திருவிழா உபயகாரர்கள், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் எங்கள் சொந்தங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கோயில் திருவிழா முடிவில் வரும் பூங்காவனத்து இரவுக்கு இசை நிகழ்ச்சி வைப்பதென்றால், வாத்தியம் வாசிக்கிற ஆட்களை மேடையில் ஏற்றுங்கள். பென் டிரைவில் முழு இசையையும் ஓடவிட்டு, அதற்கு மேல் இரண்டு பேர் மைக் பிடித்துப் பாடுவதை இசைக்குழு என்று நோட்டீஸில் போடாதீர்கள். எல்ஈடி திரைக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு கிற்றார்காரருக்கும் ட்ரம்ஸ் அடிப்பவருக்கும் போய்ச் சேரட்டும்.

பல நாளாக மனதில் கிடந்த விஷயம். போன கிழமை அண்ணாவோடு போய்க் கேட்ட கச்சேரிக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விசுவமடுப் பக்கத்துக் கோயில் ஒன்றின் பூங்காவனம். தொண்ணூறுகளில் வன்னி முழுக்கத் திரிந்து வாசித்த கோஷ்டி ஒன்று திரும்பக் கூடி மேடையேறியது. வயது வந்தவர்களுக்கு எந்தக் கோஷ்டி என்று விளங்கும். பெயரை முகநூலில் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டார்கள், அதனால் போடவில்லை. அண்ணா இங்கிலாந்திலிருந்து லீவில் வந்து நின்றார். "பிள்ளை, அவையள் வாசிக்கினமாம், போவமா?" என்று அவர் கேட்டபோதே நான் பாயைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

இளம் பிள்ளைகளுக்காக அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் கிளிநொச்சியும் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று காடும் வயலுமாகப் பரவி இருந்தது. கறண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி வராது, பெற்றோல் வராது, மண்ணெண்ணெய் பொன் விலை. அந்த நேரத்தில்தான் இந்தக் கோஷ்டி உருவானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓகன்காரர் (கீபோர்ட் வாசிப்பவர்), கிளிநொச்சி கிற்றார்காரர், முள்ளியவளையிலிருந்து ஒரு தபேலாக்காரர். இடம்பெயர்வுதான் அவர்களை ஒரே மரத்தடியில் கொண்டுவந்து சேர்த்தது.

கிற்றார்க் கம்பி அறுந்தால் வாங்க இடமில்லை. சைக்கிள் பிறேக் கேபிளைப் பிரித்து, அதில் ஒரு இழையை எடுத்துக் கட்டி வாசித்ததாகக் கிற்றார் அண்ணை சொன்னார். விரல் வெட்டுமாம். ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடிவதற்குள் கச்சேரி முடிய வேண்டும். மேலே வண்டு (வேவு விமானத்தை அப்படித்தான் சொல்வோம்) சுற்றுகிற சத்தம் கேட்டால் லைற் முழுவதையும் அணைத்துவிட்டு எல்லோரும் இருட்டில் இருப்போம். சத்தம் விலகியதும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கும். இப்படித்தான் அந்த ஆட்கள் வாசித்தார்கள். காசு என்று பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. சில கோயில்களில் அரிசியும் தேங்காயும் கொடுத்து அனுப்பியதைக் கண்டிருக்கிறேன்.

வீட்டில் பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிள் டைனமோதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் ரேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும், கூடினால் கீச்சிடும். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை அண்ணாவுக்கு. நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். ஒரு பாட்டு முழுவதும் ஒரே சீராகச் சுற்ற அவரால் முடியும். தாளம் என்றால் என்ன என்று நான் படித்தது அவருடைய கையைப் பார்த்துத்தான்.

2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பிறகு அண்ணா கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளியேறினார். கோஷ்டியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. 2009 இல் போர் முடிந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஒருவர் கனடா, ஒருவர் பிரான்ஸ், ஒருவர் மாங்குளத்தில் கடை, ஒருவர் ஓட்டோ ஓடுகிறார். பேஸ் கிற்றார் வாசித்த அண்ணை அந்த வருடம் போரின் கடைசிக் கட்டத்தில் மாத்தளனில் இல்லாமல் போய்விட்டார்.

அண்ணாவோடு பாயில் இருந்து மேடையில் வயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒயாசிஸ் பற்றிச் சொன்னார். இங்கிலாந்து றொக் குழு. நோயல் கலகர், லியாம் கலகர் என்ற அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாசித்தது. 2009 ஓகஸ்டில் பாரிஸில் மேடையேறப் போகிற நேரத்தில் சண்டை பிடித்துப் பிரிந்தவர்கள், 2025 ஜூலையில் கார்டிஃப் நகரில் திரும்ப ஒன்றாக மேடையேறினார்கள். தொடக்க காலத்தில் அவர்களோடு கிற்றார் வாசித்த போன்ஹெட்டும் வந்து நின்றாராம். அண்ணா தன் மகனோடு அதற்குப் போயிருந்தார். பெரிய ஆம்பிளைகள் ஆளையாள் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தேன் என்றார்.

2009 ஓகஸ்ட் என்றால் நான் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்த நேரம். எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று அண்ணா அங்கே இருந்து ஒவ்வொரு இடமாக போன் எடுத்துக்கொண்டிருந்த நேரம். "அவங்கட பிரிவு செய்தியைக் கேட்டது ஞாபகம் இருக்கு. அந்தக் கிழமை நான் வேற ஒண்டையும் கேக்கிற நிலைமையில இல்லை" என்றார். அதற்கு மேல் நாங்கள் அதைக் கதைக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அங்கே ஒரு குழு மனஸ்தாபத்தால் பிரியும், மனம் மாறினால் சேரும். எங்களுடைய கோஷ்டிகள் அப்படிப் பிரியவில்லை. யாரும் யாரோடும் கோபப்படவில்லை. அவர்களைச் சேர்த்து வைக்க ஒரு காரணமும் ஒரு மேடையும் காசும் வேண்டும். அதை ஊர்தான் கொடுக்க முடியும். இந்த முறை ஒரு உபயகாரர் கொடுத்தார். பிரான்ஸிலிருந்து ட்ரம்ஸ் அண்ணை தன் காசில் டிக்கெற் எடுத்து வந்தார்.

கச்சேரிக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் சவுண்ட் சரியில்லை. ஓகன் கூடுதலாகவும் பாட்டுக் குறைவாகவும் கேட்டது. முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு முருகன். அதற்குப் பிறகு எண்பதுகளின் இளையராஜா பாட்டுகள். மூன்றாவது நான்காவது பாட்டில்தான் கைகள் பழைய இடத்துக்கு வந்தன. அப்போது கச்சான் கடைப் பக்கம் நின்ற பெடியளும் மேடைக்குக் கிட்ட வரத் தொடங்கினார்கள். அண்ணா முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.

பேஸ் வாசிக்க ஆள் இல்லை. அந்த இடத்தை ஓகன்காரர் இடது கையால் வாசித்து நிரப்பினார். வலது கையில் வயலின், புல்லாங்குழல் பகுதிகள், இடது கையில் பேஸ். கஷ்டமான வேலை அது. வேகமான பாட்டுகளில் கீழ்ச் சுரங்கள் சில இடங்களில் விட்டுப்போயின, எனக்கே விளங்கியது. கச்சேரிக்கு முதல் நாள் சவுண்ட்காரப் பெடியன், பேஸை மட்டும் லப்டொப்பில் போட்டு விடலாம், சுகம் என்று கேட்டிருக்கிறான். நல்ல மனதோடு கேட்டதுதான். "அவன் நிண்ட இடத்தில லப்டொப்பை வைக்கேலாது தம்பி" என்று ஓகன் ஐயா சொல்லிவிட்டாராம். அந்தப் பேஸ் அண்ணையின் பெயரை மேடையில் இரண்டு தடவை சொன்னார்கள். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் முன் வரிசையில் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் விட ஒரு இடத்தை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். பாடகர் ஐயாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. முன்பு ஒரே மூச்சில் இழுத்த அடிகளை இப்போது உடைத்துத்தான் பாடுகிறார். ஒரு பாட்டில் இரண்டாவது சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் அவர் தொடங்கவில்லை. வரி மறந்ததோ, தொண்டை அடைத்ததோ தெரியாது. மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஓகன்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடையிசையின் கடைசிப் பகுதியைத் திரும்ப வாசித்தார். ட்ரம்ஸ் அண்ணை சத்தத்தைக் குறைத்தார். கிற்றார் அதே ஸ்வரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றின் முடிவில் ஐயா சரணத்தைப் பிடித்தார். அந்த நொடியில் ட்ரம்ஸ் எழும்பி அடித்த அடிக்கு முழுச் சனமும் கத்தியது. அண்ணா என் கையைப் பிடித்து நெரித்துவிட்டார்.

பென் டிரைவில் ஓடுகிற இசையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அது தன்பாட்டில் ஓடியிருக்கும். ஐயா பாடாத சரணம் அவருக்கு மேலாகப் போயிருக்கும். மேடையில் ஒரு முதியவர் தனித்து நின்றிருப்பார், நாங்கள் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்திருப்போம். மனிதர்கள் வாசித்ததால் அவருக்காக நின்றார்கள், அவரைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். நான் காசு கொடுக்கச் சொல்வது இதற்குத்தான்.

மறு கருத்துகளும் எனக்குத் தெரியும். பென் டிரைவ் ட்ராக் என்றால் செலவு குறைவு, ஆட்களுக்குச் சாப்பாடு, வான் கூலி, ஒத்திகை ஒன்றும் வேண்டாம். சவுண்டும் சினிமாவில் கேட்பது போலவே இருக்கும். உண்மை. ஆனால் சினிமாவில் கேட்பது போலவே கேட்பதென்றால் வீட்டில் போனில் கேட்கலாமே. கோயில் வீதி மணலில் மூன்று மணித்தியாலம் இருக்கத் தேவையில்லை. செலவு பற்றிச் சொல்வதென்றால், அதே திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் லைற்றுக்கும் நாங்கள் கொடுக்கிற காசை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பாடகர்களைக் கூப்பிடுவது பிழை என்று நான் சொல்லவில்லை. 2023 இல் யாழ் முற்றவெளியில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் நிகழ்ச்சி நடத்தியபோது எங்கள் பக்கப் பிள்ளைகளும் பஸ் பிடித்துப் போனார்கள். சந்தோஷமாக வந்தார்கள். நல்லது. ஆனால் வெளியிலிருந்து வருபவருக்கு விமானச் சீட்டும் ஹோட்டலும் போட்டுக் கொடுக்கிற ஊரில், உள்ளூர் தபேலாக்காரருக்குக் கூலி பேசும்போது மட்டும் பேரம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதர் பகலில் கல்லரிந்துவிட்டு இரவில் வந்து வாசிக்கிறார்.

எங்கள் ஆட்களுக்குக் கிற்றாரும் ட்ரம்ஸும் புதிதல்ல. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப்பிசையைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்து அரை நூற்றாண்டு ஆகிறது. யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி வாசித்த காலத்தை எங்கள் அம்மா இன்னும் சொல்வார். கிளிநொச்சியில் எங்களோடு வாழ்ந்த பாடகர் எஸ்.ஜி. சாந்தன் 2017 இல் காலமானபோது எத்தனை சனம் அழுதது என்று எல்லோருக்கும் தெரியும். பாடகர்களின் பெயராவது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் இருந்து வாசித்தவர்களில் எத்தனை பேரின் பெயரை எங்களால் சொல்ல முடியும்? அண்ணா இதைக் கேட்டபோது என்னால் இரண்டு பெயருக்கு மேல் சொல்ல முடியவில்லை. அவர் எல்லோர் பெயரையும் சொன்னார், எந்த வாத்தியம் என்றும் சொன்னார்.

ஆகவே அடுத்த வருட நோட்டீஸ் அடிக்கும்போது ஓகன், கிற்றார், தபேலா, ட்ரம்ஸ் என்று ஒவ்வொருவர் பெயரையும் போடுங்கள். உபயகாரர் பெயர் போடுகிற அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஒத்திகைக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள். பிள்ளைகள் கோஷ்டி ஒன்று ஊரில் இருந்தால் பெரிய கோஷ்டிக்கு முன்னால் அரை மணித்தியாலம் அவர்களுக்குக் கொடுங்கள். இரவில் ஸ்பீக்கர் பாவிக்கும் நேரத்துக்குப் பொலிஸ் கட்டுப்பாடு இருப்பதால் ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். பேச்சுகளைக் குறையுங்கள், அது போதும்.

கடைசியாக ஒரு விஷயம். கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது நானும் அண்ணாவும் மேடைக்குப் பின்னால் போய்க் கதைத்தோம். தபேலா அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பழக்குகிறார். கிற்றார் அண்ணையும் இனி வாறன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு வாத்தியம்தான் இல்லை. லண்டன், கனடா, சுவிஸ் பக்கம் வீட்டில் சும்மா கிடக்கும் ஓகன், கிற்றார், ஒக்டபாட் (மின்னணு ட்ரம்ஸ்) ஏதாவது இருந்தால், ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். அண்ணா தான் ஒரு பேஸ் கிற்றார் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளை விட விரும்பும் விசுவமடு, தர்மபுரம் பக்கத்துப் பெற்றோர் இன்பொக்ஸில் கேளுங்கள், இடத்தைச் சொல்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளை, பெண் பிள்ளை யாரும் வரலாம்.