மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையா?

"தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பமே இரண்டிரண்டு பூச்சி மாத்திரை போட்டால் குடல் சுத்தமாகும்." சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பல் கடிப்பது பூச்சிக்கு அடையாளம் அல்ல. அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை புழுவைக் கொல்லும், குடலைக் கழுவாது. "ஊரில் பள்ளியிலேயே கொடுத்தார்களே?" கொடுத்தார்கள், சரிதான். மண்வழிப் புழுத்தொற்று 20 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள வட்டாரங்களில் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ 400 மில்லிகிராம் தரச் சொல்வது உலகச் சுகாதார நிறுவனம். சிங்கப்பூரின் ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பிள்ளைக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் நூல்புழுவாக இருக்கலாம். அதற்கு ஒரு வேளை மருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று. முட்டைகள் முதல் மருந்தில் சாகாமல் தப்பிவிடும். வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே கொடுப்பார்கள். அப்புறம் நகம் வெட்டுவது, படுக்கை விரிப்பைத் துவைப்பது. நாடாப்புழுவுக்கு மருந்தே வேறு.

கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சந்தேகமா? மருந்தகத்தில் மருந்தாளரைக் கேளுங்கள், உலகச் சுகாதார நிறுவனத்தின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். அந்தச் செய்தியை மட்டும் அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள்.