எதிர்காத்துல பாய்க்கப்பல் நிக்காது
மேல ஒருத்தர் "பாய்மரக் கப்பல் காத்து அடிக்கிற திசைக்கு மட்டும்தான் போகும், எதிர்காத்துன்னா நங்கூரம் போட்டு உக்கார வேண்டியதுதான்"னு போட்டிருக்காரு, அதுக்கு இவ்ளோ லைக். தயவுசெஞ்சு இதை ஷேர் பண்ணாதீங்க, தப்பு.

நேரா காத்து மூஞ்சிக்குள்ள போக முடியாது, அது உண்மை. ஆனா சாய்வா போகலாம். பாயை இழுத்துக் கட்டி ஒரு கோணத்துல வச்சா அது ஏரோப்ளேன் இறக்கை மாதிரி வேலை செய்யும், கப்பல் பக்கவாட்டுல தள்ளிப்போகாம அடியில இருக்கிற ஏரா (கப்பலோட முதுகெலும்பு மாதிரி நீளக் கட்டை) தண்ணியில பிடிச்சுக்கும், அப்ப மிச்சமிருக்கிற விசை முன்னாடிதான் தள்ளும். கொஞ்ச தூரம் வலப்பக்கம், அப்புறம் சுக்கானைத் திருப்பி இடப்பக்கம்னு வளைஞ்சு வளைஞ்சு காத்து வர்ற பக்கமா ஏறுவாங்க. முக்கோணப் பாய்னா காத்துக்கு 45 டிகிரி கிட்ட வரைக்கும் போகும், பருமல்ல (பாய்மரத்துல குறுக்கா கட்டுற கம்பு) தொங்குற சதுரப் பாய்க்கு 60 டிகிரிக்கு மேல விலகணும், அதான் அதுல போனா ரொம்ப நேரம் இழுக்கும்.

வாஸ்கோட காமா 1498-ல கிழக்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற மாலிந்தியில இருந்து கோழிக்கோடு பக்கம் வர தென்மேற்குப் பருவக்காத்துல மூணு வாரம் சொச்சம்தான் ஆச்சு. திரும்பறப்போ வடகிழக்குக் காத்து வர்றதுக்குக் காத்திருக்காம அக்டோபர் ஆரம்பத்துலயே கோவாவுக்குத் தெற்கே இருக்கிற அஞ்சதீவுங்கிற தீவ விட்டுக் கிளம்பிட்டாங்க, எதிர்காத்தும் காத்தே இல்லாத நாளுமா ஆப்பிரிக்கக் கரையைப் பாக்க கிட்டத்தட்ட மூணு மாசம், ஸ்கர்வி (வைட்டமின் சி இல்லாம வர்ற நோய்) வந்து நிறைய பேர் செத்து, ஓட்ட ஆள் பத்தாம சாவ் ரஃபேல் கப்பலையே கொளுத்திட்டாங்க. பருவக்காத்துக்குக் காத்திருந்த மாலுமிங்க அதனாலதான் காத்திருந்தாங்க, கப்பலுக்கு ஏறத் தெரியாதுன்னு இல்ல.