பஸ்ஸில் யார் ஏறலாம்?

"பொம்பளைகளுக்கு ஓசி பஸ் விட்டே கஜானாவைக் காலி பண்ணிட்டாங்க" என்று நேற்று டீக்கடையில் ஒருவர் அங்கலாய்த்தார். அங்கே வாதாட நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோம் என்று சொன்ன பஸ் முதலாளிகள் உண்டு. ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், அப்படிப்பட்ட பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரன் காலத்திலேயே! (சென்னை பாண்டி பஜாரின் முழுப் பெயரில் இருப்பவர் இவர்தான்.)

1972-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன: பல்லவன், பாண்டியன், சேரன், சோழன். மன்னர்கள் பெயர் இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு கழகம் தொடங்கி, கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அவர் தாழ்த்தப்பட்டவர்களில் ஒரு பிரிவான தேவேந்திர குலத்தவர். அவ்வளவுதான், தென் மாவட்டங்களில் பஸ் மீது கல் பறந்தது, கலவரத்தில் உயிர்கள் போயின. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று சாத்தூருக்கு நடந்தே போனார். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. மாவட்டங்களின் பெயரையும்தான், எங்கள் காமராசர் மாவட்டம் வெறும் விருதுநகர் ஆனது. எனக்கு அது சமாதானமாகத் தெரியவில்லை. கல்லெறிந்தவன் கேட்டது கிடைத்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் பெயர் இருந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் மட்டும் கொஞ்சம் புதுசாகப் பளபளத்தது.

சரி, ஓசி டிக்கெட்டுக்கு வருவோம். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். என் சித்தி தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வேலைக்காரி. அதற்கு முன் போக வர 20 ரூபாய் கொடுத்து வெளியூர் போனால் கட்டுப்படியாகாது என்று, உள்ளூர் ஆபீஸில் கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு இருந்தாள். இப்போது ஓசி பஸ்ஸில் வெளியூர் ஆபீஸுக்குப் போகிறாள். இலவசத்தால் பெண்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்பவர்கள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஒருநாள் நின்று பார்க்கட்டும். உட்கார இடம் கிடைக்காது. தூக்குவாளிச் சத்தத்தில் கண்டக்டர் விசில்கூடக் கேட்காது. நடந்தே போனாரே அந்தப் பெரியவர், அவருடைய மருமகளும் அதில்தான் நிற்கிறாள்.

இப்போது உள்ளூர் ஆபீஸ்காரர் கூலியை ஏற்றித் தருகிறேன் என்று வீட்டுக்கே ஆள் விடுகிறார். சித்தி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.