பெயின்ட் உரிந்த சுவரிலும் டிசைன் இருக்கிறது

குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சும் அடியில் ஒரு துணியும் வைத்துத் தைக்கிற மூன்று அடுக்குப் போர்வை, தைக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "டிசைன் எங்கேருந்து எடுக்கிறீங்க?" என்பதுதான். ஏதாவது ஒரு சேனலின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். வீட்டையும் தெருவையும் பார்த்துத்தான் என்று சொன்னால், தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அடுத்தவர் தைத்த போர்வைகளைப் போனில் பார்ப்பது தப்பு என்று சொல்ல மாட்டேன். நானும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் எல்லா முடிவுகளையும் வேறொருவர் எடுத்து முடித்திருக்கிறார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எது பெரிசு, எது சின்னது, எங்கே நிறுத்துவது, எல்லாமே அவருடையது. நமக்கு மிஞ்சுவது வெட்டுவதும் தைப்பதும்தான். ஆரம்பத்தில் அதுவும் தேவைதான். கால் அங்குலத் தையல் விளிம்பு பிசகாமல் வர வேண்டுமென்றால், தெரிந்த டிசைன்களைத் திரும்பத் திரும்பத் தைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதில் கை பழகிவிடும். கண் பழகுவதற்கு, யாரும் முடிவெடுத்து வைக்காத ஒன்றைப் பார்க்க வேண்டும்.

பெயின்ட் உரிந்த சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே அழுக்கு வெள்ளை. அது உரிந்த இடத்தில் முன்பு அடித்த பச்சை தெரிகிறது. பச்சையும் உரிந்த இடத்தில், ஓரத்தில் மட்டும், அதற்கும் முன்பு அடித்த காவி ஒரு கோடாக எட்டிப் பார்க்கிறது. இதைப் பார்த்துவிட்டு வெள்ளை, பச்சை, காவி என்று மூன்று துணி எடுத்து, ஒரே அளவில் சதுரம் சதுரமாக வெட்டித் தைத்தால் அந்தச் சுவர் வரவே வராது. மூன்று நிறமும் இருக்கும், அழகு மட்டும் இருக்காது. ஏனென்றால் அந்த அழகு அளவில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே வெள்ளை, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை, காவி ஒரே ஒரு கோடு. அவ்வளவு கொஞ்சமாக இருப்பதால்தான் கண் நேராகக் காவிக்குப் போகிறது.

சரி, அந்தக் கோட்டைத் துணியில் எப்படிக் கொண்டுவருவது? அரை அங்குலப் பட்டை வெட்டினால், இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய், மேலே ஒன்றுமே மிஞ்சாது. முக்கால் அங்குலம் வெட்டினால் கால் அங்குலம் தெரியும். அதுவும் இந்தச் சுவருக்குத் தடிமன்தான். அப்போது அதே முக்கால் அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இஸ்திரி போட்டு, வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே தையலோடு சேர்த்துப் பிடித்துவிட வேண்டும். வெளியே தெரிவது அரைக்கால் அங்குலம் மட்டும். சுவரில் பார்த்த அதே கோடு வந்துவிடும். சுற்றுப்புறத்திலிருந்து எடுப்பது என்று நான் சொல்வது இதைத்தான். சுவரின் படத்தைத் துணியில் அச்சடிப்பதோ, பூவைப் பார்த்துப் பூ வடிவத்தை வெட்டி ஒட்டுவதோ எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பொருளை விட்டுவிட்டு அதற்குள் இருக்கிற விகிதத்தை எடுத்தால் போதும்.

அளவுக்கு அடுத்தது வெளிச்சம். தரையில் விழும் சன்னல் கம்பியின் நிழலைப் பாருங்கள். தரை ஒரே நிறம்தான். ஆனாலும் கட்டம் கட்டமாக டிசைன் தெரிகிறது, ஒரு பாதி வெளிறியும் ஒரு பாதி இருண்டும் இருப்பதால். குயில்ட்டில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று நிற்கும் என்று நினைத்து எடுப்பார்கள். இரண்டும் ஒரே அழுத்தத்தில், அதாவது ஒரே அளவு வெளிராகவோ அடராகவோ இருந்தால், தைத்து முடித்தபின் தூரத்திலிருந்து எல்லாம் கலங்கலாகத் தெரியும். துணிகளைத் தரையில் பரப்பிப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள், எது வெளிர் எது அடர் என்று உடனே பிரிந்துவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் போதும். 'லாக் கேபின்' என்கிற பழைய பிளாக் (போர்வையில் திரும்பத் திரும்ப வருகிற சதுரக் கட்டம்) முழுக்க இந்த ஒரே சூத்திரத்தில்தான் நிற்கிறது. நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள், மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் அடர். அதே பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் ஒரு தடவை வைர வடிவம் வரும், இன்னொரு தடவை உழுத வயலின் சால் மாதிரி சாய்கோடுகள் வரும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் இடம். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வயலில் உழைத்துத் தேய்ந்த உடுப்புகள், தீவனச் சாக்குகள். வெளுத்துப்போன கால்சட்டையிலிருந்து பாக்கெட்டைப் பிரித்தால், பாக்கெட் மறைத்திருந்த இடம் மட்டும் புதுசு போல அடர்நீலமாக இருக்கும். அந்த நீலச் சதுரத்தை அப்படியே வைத்துத் தைத்திருக்கிறார்கள். 1972-இல் அந்தப் பகுதிப் பெண்களின் கூட்டுறவுக்கு, ஒரு பெரிய நிறுவனத்துக்காகக் கார்டுராய் என்கிற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. அதில் மிஞ்சிய துண்டுகளும் போர்வைகளுக்குள் போயின. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். அவற்றின் படங்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தோன்றுவது, வாங்க வசதி இல்லாதது அவர்கள் கண்ணைக் குறுக்கவில்லை என்பதுதான். வறுமையை நான் கொண்டாடவில்லை. கையில் இருப்பதை அவர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்தார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

சுற்றுப்புறம் என்றால் கண்ணில் படுவது மட்டும்தானா? காதில் விழுவதும் அதில் சேர்த்திதான். போர்வை தைத்த ஹேரியட் பவர்ஸ் 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்ததில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு போர்வைகள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிற போர்வையில், 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகப் பொழிந்த இரவைத் தைத்து வைத்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பு நடந்தது அது. ஊர் சொல்லிச் சொல்லிக் கேட்டதைத் துணியில் இறக்கியிருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் சொல்கிற மழை, வெள்ளம், பயணம் எல்லாம் நமக்கும் துணிதான்.

அன்றாடம் எப்படிப் போகிறது என்றும் கேட்கிறார்கள். மெஷின் முன்னால் உட்கார்வது உண்மையில் கொஞ்ச நேரம்தான். சுவரில் ஒரு கம்பளித் துணியை மாட்டி வைத்திருக்கிறேன். பருத்தித் துண்டுகளை வைத்து அழுத்தினால் குண்டூசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். அடுத்த போர்வை அங்கேதான் கிடக்கும். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன், ஒரு துண்டை மாற்றுவேன், அவ்வளவுதான். காலை வெயிலில் சரியாக இருந்த நிறம் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் செத்துப்போவது இப்படி விட்டு வைத்தால்தான் தெரியும். அவசரப்பட்டுத் தைப்பவர்கள் இந்த நாட்களை வீண் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், போர்வை உருவாவதே இந்த நாட்களில்தான்.

துண்டுத் துணிகளை நிறவாரியாக அடுக்கி வைப்பதைவிட, வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று பையாகப் பிரித்து வைப்பது எனக்குக் கைகொடுக்கிறது. பச்சையைத் தேடிப் போகிறபோது, அதே அழுத்தத்தில் இருக்கிற ஒரு ஊதா கையில் மாட்டும். பல நேரம் அந்த ஊதாதான் சரி என்று தெரியும்.

இப்போது மனதில் ஓடிக்கொண்டிருப்பது சிமென்ட் தரையில் மழைத்தண்ணீர் காயும்போது விடுகிற வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் வெளிறி. வளைவாக வெட்டி இணைத்தால் துணி குறுக்கில் இழுபட்டு நெளியும். நிதானமாகச் செய்தால் சமாளிக்கலாம். ஆனால் தரையில் அந்த ஓரங்கள் அவ்வளவு கூர்மையாக இல்லை. அதனால் மேல்துணியை ஒரே சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு, மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் போடுகிற தையலிலேயே வளையங்களைக் கொண்டுவரப் பார்க்கிறேன், உள்ளே அடர்ந்த நூலில் தொடங்கி வெளியே போகப் போக வெளிறிய நூலுக்கு மாறி. நூல்களை எடுத்து வரிசையாக வைத்தாகிவிட்டது. நடுவில் ஒரு சாயல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.