சைக்கிள் குடுத்தாச்சு, ரோட்டுல ஓட்ட யாரு சொல்லிக்குடுக்குறது?

பொண்ணு ப்ளஸ் ஒன். ஸ்கூல்ல விலையில்லா சைக்கிள் குடுத்தாங்க, மேடை போட்டோ எல்லாம் ஜோரா முடிஞ்சுது. சாயங்காலம் பாத்தா உருட்டிக்கிட்டே வீட்டுக்கு வர்றா. பிரேக்கு கட்டை ரிம்முல படவே இல்ல. கடையில குடுத்து பிரேக் டைட் பண்ணி, கோட்டம் எடுத்து வாங்கிட்டு வந்தேன். அது கெடக்கட்டும்.

மறுநாள் அவ பின்னாடியே பைக்ல போனேன். மெயின் ரோட்டுல வலது பக்கம் திரும்பணும். கையும் காட்டல, திரும்பியும் பாக்கல, சடார்னு வெட்டுனா. பின்னாடி வந்த டவுன் பஸ் பிரேக் அடிச்சு நின்ன சத்தம் இன்னும் காதுல இருக்கு. கண்டக்டர் எட்டிப் பாத்து திட்டுனது அவள இல்ல, என்னைய. சரியாத்தான் திட்டுனாரு.

ஏம்மா திரும்பிப் பாக்கலன்னு கேட்டா, "பாத்தா ஹேண்டில் அந்தப் பக்கமே இழுத்துட்டுப் போகுதுப்பா"ங்குறா. உண்மைதான, கழுத்து திரும்புனா தோள் திரும்பும், தோளோட கையும் போகும், நமக்கெல்லாம் விழுந்து எந்திரிச்சு தானா பழகிருச்சு, ஆனா நாம விழுந்த ரோட்டுல இவ்ளோ வண்டி இல்லயே.

2001ல ஆரம்பிச்ச திட்டம். நல்ல திட்டம், எத்தன புள்ளைங்க படிப்ப விடாம போச்சுங்கன்னு எங்க ஊர்லயே பாத்துருக்கேன், குறை சொல்ல வரல. ஆனா சாவியக் கைல குடுக்குறதோட நம்ம வேல முடிஞ்சு போகுது.

இத்தனைக்கும் நான் புதுக்கோட்டைக்காரன். 90கள் ஆரம்பத்துல கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தப்ப அறிவொளி இயக்கத்துல எழுத்தோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுத்தாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம கம்பி வச்ச வண்டியிலயே பழகுனாங்க, கம்பியில புள்ளைய உக்கார வைக்கலாம்னு அதயே விரும்புனவங்களும் உண்டு. அப்பயே முடிஞ்சது, இப்ப ஒரு ஸ்கூல் கிரவுண்டுல முடியாதா?

ஹாலந்துல 11, 12 வயசுலயே சைக்கிளுக்குப் பரீட்சை. நெஞ்சுல நம்பர் மாட்டிக்கிட்டு நெஜ ரோட்டுல ஓட்டணும், முக்குக்கு முக்கு ஆள் நின்னு கை காட்டுனானா, பாத்துத் திரும்புனானான்னு குறிச்சுக்குவாங்க. இங்கிலாந்துல 2007ல இருந்து பைக்கபிலிட்டின்னு ஒரு சைக்கிள் பயிற்சி, மூணு கட்டம். முதல்ல கிரவுண்டு, அப்புறம் ஆள் நடமாட்டம் கம்மியான தெரு, கடைசியா டிராஃபிக். அங்க ரோடு வேற, ஒத்துக்குறேன். இங்க ரோடு மோசம்னா இன்னும் அதிகமாத்தான சொல்லிக்குடுக்கணும்? நிக்கிற பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையாத, முன் பிரேக்க மட்டும் புடிச்சா குப்புறத் தள்ளும், துப்பட்டாவ முடிச்சுப் போட்டுட்டு ஏறு. இதுக்கு ரெண்டு பீட்டி பீரியட் போதும் (அதை மேக்ஸ் சார் கடன் வாங்காம இருந்தா!).

இப்ப தினம் சாயங்காலம் கோயில் பொட்டல்ல சுண்ணாம்புக் கோடு போட்டு வச்சிருக்கேன். அவ கோட்டு மேல ஓட்டணும், நான் பின்னாடி நின்னு விரல் காட்டுவேன், திரும்பிப் பாத்து எத்தனைன்னு சொல்லணும். மொத நாள் மூணு தடவ கோட்ட விட்டு எகிறிட்டா. நேத்து "நாலு!"ன்னு கத்திக்கிட்டே கோடு விலகாம போனா. எதுத்த வீட்டுப் பையன் ரெண்டு பேரு நாங்களும் வர்றோம் மாமான்னு நிக்கிறானுங்க. சுண்ணாம்பு வாங்கணும்.