ஓசுவைத் திட்டும் முன் ரிமோட்டை எடுங்கள்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படம் செம ஸ்லோ, அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை என்று யாராவது எழுதினால் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: டிவியில் என்ன செட்டிங்கில் பார்த்தீர்கள்? நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

படத்தின் சட்டகம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், 1.37:1. நம் வீட்டு டிவி 16:9. அப்படியென்றால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். 1920-க்கு 1080 திரையில் பக்கத்துக்கு 220 பிக்சல். அது பொறுக்காமல் 'வைட்' அழுத்தினால் முகங்கள் 30 சதவீதம் அகலமாகி, நாயகி செட்சுகோ ஹராவே பொன்னுக்கு வீங்கி வந்தவர் போலத் தெரிவார். 'ஜூம்' இன்னும் மோசம். உயரத்தில் 23 சதவீதம் காலி. ஓசு கேமராவைப் பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே வைப்பவர்; ஏறக்குறைய எல்லாமே 50 மி.மீ. லென்ஸ். கீழே பாயும் தேநீர்க் கிண்ணமும், மேலே கதவுச் சட்டமும் சேர்ந்துதான் அந்த வீடு. அதை வெட்டினால் மிச்சம் பேசும் தலைகள் மட்டும்தான்.

அடுத்த வில்லன் மோஷன் ஸ்மூத்திங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. நொடிக்கு 24 ஃப்ரேம் உள்ள படத்துக்கு நடுவே டிவி தானாக ஃப்ரேம்களை இட்டுக்கட்டும். இந்தப் படத்தில் கோடை. ஆளாளுக்கு விசிறி வீசிக்கொண்டே இருப்பார்கள். விசிறியின் ஓரத்தில் புகை மாதிரி ஏதோ கலங்கினால் ஸ்மூத்திங் ஓடுகிறது என்று அர்த்தம். அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் ஒரே அழுத்தில் முடிந்தது. நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம், அது ஃபிலிமில் பொடிமணல் போலத் தெரியும் துகள்களைத் துடைத்து முகத்தை மெழுகாக்கும். கீறலும் மினுமினுப்பும் கொஞ்சம் இருக்கும். மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது, இன்று பார்ப்பதெல்லாம் பிரதியிலிருந்து மீட்டது.

பழைய ஐரோப்பிய டிவிடி என்றால் இன்னொரு விஷயம். அங்கே நொடிக்கு 25 ஃப்ரேம், அதனால் 136 நிமிடப் படம் சுமார் 131-இல் முடியும். ஸ்லோ என்பவர்களுக்கு ஐந்து நிமிடம் லாபம்!

இனி 'ஸ்லோ' பற்றி. என்னைக் கேட்டால் இது தாவித் தாவிப் போகிற படம். டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போக, சொந்த ஊரான ஒனோமிச்சியில் கிழவரும் கிழவியும் மூட்டை கட்டுகிறார்கள், அடுத்து புகைபோக்கிகள், அதற்குள் டோக்கியோவில் மூத்த மகன் வீட்டு வாசல். ரயிலும் இல்லை, ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுவதும் இல்லை. திரும்பும் வழியில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் ஒசாகாவில் இறங்கியதையே, ரயில்வேயில் வேலை பார்க்கும் மகன் சக ஊழியரிடம் சொல்லித்தான் நமக்குத் தெரியும். வேறு இயக்குநர் யாரும் அந்தக் காட்சியை விட்டிருக்க மாட்டார்கள்.

சப்டைட்டில் ஒரு பெரிய நஷ்டம். போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ பேசுவது முழுக்க மரியாதை மொழி. பெற்ற மகள் ஷிகே வெடுக்கென்று பேசுவாள். ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ'தான். நீ, நீங்க என்று பழகிய நமக்குச் சட்டென்று பிடிபட வேண்டிய வித்தியாசம், ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் நழுவுகிறது. அர்த்தத்தைப் படித்தாலும் குரலின் ஏற்ற இறக்கத்தில் ஒரு காது இருக்கட்டும்.

ஒரே மூச்சில் முடியாது என்றால் டோக்கியோ ஸ்டேஷனில் பெற்றோரை வழியனுப்பும் காட்சி முடிந்ததும் நிறுத்துங்கள், மிச்சத்தை மறுநாள் பாருங்கள். அதற்கு முன்னால் வேண்டாம். முக்கியமாக அட்டாமி என்ற கடலோர வெந்நீரூற்று ஊரில் நடக்கும் பகுதியை உடைக்காதீர்கள், ஃபோனிலும் பார்க்காதீர்கள். செலவு மிச்சம் என்று பிள்ளைகள் அனுப்பிவைத்த விடுதியில் ராத்திரி முழுக்கச் சத்தம், தூக்கமில்லை. காலையில் இருவரும் கடலோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். போகலாம் என்று எழும்போது அம்மா தள்ளாடி அப்படியே குனிந்துவிடுகிறாள். என்னாச்சு என்கிறார் அவர். லேசாகத் தலை சுற்றியது, சரியாகிவிட்டது என்கிறாள். ராத்திரி நீ சரியாத் தூங்கலையே, அதான் என்கிறார். இருவரும் சுவர்மேல் நடந்து போகிறார்கள்.